தோலின் துப்பறிவாளர்கள் – 9: பதிவேட்டில் ஒரு பெயர்

போன வாரம் அமெரிக்க மருத்துவர் அலெக்சாண்டர் பிரெஸ்லோ, மைக்ரோஸ்கோப்பில் அளவுகோல் பொருத்தி மெலனோமா என்ற புற்றுநோய் தோலுக்குள் எத்தனை மில்லிமீட்டர் இறங்கியிருக்கிறது என்று அளந்ததைப் பார்த்தோம். அந்த மில்லிமீட்டரை மறந்துவிடாதீர்கள். இந்த வாரக் கதைக்கு அது வேண்டும்.

1998. ஸ்காட்லாந்தில் ஒரு பெண்ணுக்கு மாற்றுச் சிறுநீரகம் பொருத்தினார்கள். தானம் வந்தது, மூளையில் ரத்தக்கசிவு ஏற்பட்டு இறந்த ஒருவரிடமிருந்து. சிறுநீரகம் நன்றாகவே வேலை செய்தது. பிறகு அவர் மார்பில் ஒரு கட்டி. மார்பகப் புற்றுநோயாக இருக்கும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். பயாப்ஸி முடிவோ மெலனோமா என்றது. அதுவும் வேறு எங்கிருந்தோ பரவி வந்தது.

மெலனோமா பெரும்பாலும் தோலில் கிளம்புகிற நோய். கிளம்பிய இடத்தில் ஒரு மச்சமோ கறுத்த திட்டோ இருக்க வேண்டும். தேடினார்கள். அந்தப் பெண்ணின் உடம்பில் அப்படி எதுவுமே அகப்படவில்லை.

வேர் இல்லாமல் கிளை எப்படி வந்தது?

இந்தப் புதிர் கிளாஸ்கோவின் தோல் மருத்துவப் பேராசிரியர் ரோனா மெக்கியிடம் வந்து சேர்ந்தது. சரியான ஆளிடம்தான் வந்தது. 1971-லேயே, மச்சத்தைக் கத்தியால் தொடுவதற்கு முன் மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் நல்லதையும் கெட்டதையும் ஓரளவு பிரித்துவிடலாம் என்று கட்டுரை எழுதியவர் அவர். வித்தை எளிமையானது. தோல்மீது ஒரு சொட்டு எண்ணெய் விட்டால் வெளிச்சம் மேல்தோலிலேயே பட்டுத் தெறிப்பது குறையும்; அடியில் ஓடும் நிறக்கோலம் கண்ணுக்குத் தெரியும். இன்று தோல் மருத்துவர்கள் கையில் வைத்திருக்கும் டெர்மாஸ்கோப்பின் தத்துவமும் இதேதான்.

1985-இல் மேற்கு ஸ்காட்லாந்து மக்களிடம் அவர் நேரடியாகப் பேசினார். மச்சம் பெரிதாகிறதா, வடிவம் மாறுகிறதா, நிறம் மாறுகிறதா, கசிகிறதா, அரிக்கிறதா? அப்படியென்றால் காத்திருக்காதீர்கள், வந்து காட்டுங்கள். மருத்துவமனைகளில் கூட்டம் நெரிந்தது. வந்தவர்களில் பலருக்கு ஒன்றுமில்லை. ஆனால் மெலிதாக இருக்கும்போதே பிடிபட்ட மெலனோமாக்களும் கூடின.

என்னைக் கேட்டால், அவருடைய பெரிய சாதனை இந்த இரண்டுமே அல்ல. 1979-இல் தொடங்கிய பதிவேடுதான். ஸ்காட்லாந்து மெலனோமா குழு என்ற பெயரில் மருத்துவர்கள் கூடி, நாட்டில் யாருக்குத் தோலில் மெலனோமா வந்தாலும் எழுதிவைப்பது என்று முடிவெடுத்தார்கள். எந்த இடத்தில் வந்தது, எத்தனை மில்லிமீட்டர் ஆழம், பிறகு அவர் என்ன ஆனார். பரபரப்பே இல்லாத வேலை. விருது வாங்கித் தராத வேலை. வருடக்கணக்காக விடாமல் நடந்தது.

மறுபடி அந்தப் பெண்ணிடம் வருவோம். அவர் உடம்பில் வேர் இல்லை, சரி. ஆனால் அவர் உடம்பில் இருப்பது எல்லாமே அவருடையதுதானா? ஒரு சிறுநீரகம் இன்னொருவருடையது.

மெக்கி கேட்டது ஒரே கேள்வி: தானம் செய்தவருக்கு எப்போதாவது மெலனோமா இருந்ததா?

பதிவேட்டைப் புரட்டினார்கள்.

பெயர் இருந்தது. 1982-இல் மெலனோமாவை வெட்டி எடுத்திருக்கிறார்கள். ஆழம் 2.6 மில்லிமீட்டர். பிரெஸ்லோவின் கணக்குப்படி லேசானதல்ல. நம்பிக்கை இழக்க வேண்டியதும் அல்ல. 15 ஆண்டுகள் கண்காணிப்பில் வைத்திருந்தார்கள். நோய் திரும்பவில்லை. குணமானவர் என்றே கணக்கு.

குணமானவரின் உடம்புக்குள் 16 ஆண்டுகள் சில செல்கள் ஓசைப்படாமல் உயிரோடு இருந்திருக்கின்றன. அவருடைய நோய் எதிர்ப்புச் சக்தி அவற்றைத் தலைதூக்க விடவில்லை. சிறுநீரகத்தோடு அவை இடம் மாறிய உடம்பிலோ காவலே இல்லை. மாற்று உறுப்பை உடல் தள்ளிவிடக் கூடாது என்பதற்காக, எதிர்ப்புச் சக்தியை மருந்து கொடுத்து அடக்கிவைத்திருந்தார்கள்.

புதிர் அவிழ்ந்தது என்று மெக்கியால் நிம்மதியாக உட்கார முடியுமா? முடியாது. மனிதனுக்குச் சிறுநீரகங்கள் இரண்டு. தானம் செய்தவரின் மற்றொரு சிறுநீரகமும் வீணாகவில்லை. அது வேறொரு நோயாளிக்குப் பொருத்தப்பட்டிருந்தது.

அந்த நோயாளிக்கு என்ன ஆனது?

(அடுத்த வாரம்)