ஆத்துமா: தமிழ்க் கிறித்தவர்களிடையே ஒரு நம்பிக்கையின் வரலாறு

மும்பை தாராவியில் 90 அடி ரோட்டை ஒட்டிய சந்துகளில் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் ஒட்டியிருந்தால், இறந்தவர் எந்தச் சபை என்று வாசகத்தை வைத்தே பெரும்பாலும் சொல்லிவிடலாம். ‘கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்’ என்றிருந்தால் அநேகமாகத் திருநெல்வேலிப் பக்கத்துச் சீர்திருத்த சபைக் குடும்பம். ‘ஆன்மா இளைப்பாற நினைவுத் திருப்பலி’ என்று கோயிலும் நேரமும் குறித்திருந்தால் கத்தோலிக்கக் குடும்பம். ஒருவர் தூங்குகிறார், இன்னொருவருக்கு வேண்டுதல் தேவைப்படுகிறது. இந்த இரண்டு வாசகங்களும் பல நூற்றாண்டு வாக்குவாதத்தின் மிச்சம்.

உடல் மண்ணுக்குப் போன பிறகும் அழியாமல் நின்று கடவுள் முன் கணக்கு ஒப்புவிக்கும் மனித உயிரையே கிறித்தவர்கள் ஆத்துமா என்கிறார்கள். கத்தோலிக்கர் இன்று ஆன்மா என்று எழுதினாலும் பாட்டிமார் வாயில் ஆத்துமாதான். பெந்தெகொஸ்தே சபைகளில் மனிதன் ஆவி, ஆத்துமா, சரீரம் என்று மூன்றாகப் பிரிக்கப்படுகிறான். இட்லிப் பானையின் மூடியைத் திறந்தால் முகத்தில் அடிப்பதும் ஆவி, பேயும் ஆவி, பரிசுத்த ஆவியும் ஆவி என்பதால், போதகர்கள் அந்தச் சொல்லை ஒவ்வொரு முறையும் விளக்கிக்கொண்டேதான் போக வேண்டியிருக்கிறது.

ஆத்துமா சாகாது என்பதைத் தமிழர்களுக்கு யாரும் புதிதாகச் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. அதற்கு ஒரு பிறப்பு உண்டு, அதுவும் ஒரே ஒரு பிறப்புத்தான் என்பதுதான் இங்கே புதிய செய்தி. தமிழ்க் கிறித்தவத்தில் இந்த நம்பிக்கை நடந்துவந்த பாதையைப் புரிந்துகொள்ள இதுவே சாவி.

மத்தியதரைக் கடல் நாடுகளிலும் முதல் சண்டை ஆன்மாவின் பிறப்பைப் பற்றியதுதான். ஆதியாகமத்தில் கடவுள் மண்ணைப் பிசைந்து, நாசியில் மூச்சை ஊத, மனிதன் உயிர் பெறுகிறான். அங்கே வரும் ‘நெஃபெஷ்’ என்ற எபிரேயச் சொல் தொண்டை, மூச்சு, உயிருள்ள ஆள் எல்லாவற்றையும் குறிக்கும். கூட்டைவிட்டுப் பறக்கும் பறவை போன்ற தனிப்பொருள் அல்ல அது. திருச்சபை கிரேக்க மொழிக்குள் நுழைந்ததும் பிளேட்டோவின் சிந்தனையும் கூடவே வந்தது. ஆன்மா உடலுக்கு முன்பே இருந்தது என்றவர் பிளேட்டோ. அந்தப் பாதையில் போன அலெக்சாந்திரியாவின் ஓரிகன் 254 வாக்கில் இறந்தார். மூன்று நூற்றாண்டு கழித்து, 553இல் கான்ஸ்டான்டிநோபிளில் கூடிய திருச்சபைப் பொதுச்சங்கத்தின் காலத்தில், அவர் பெயரோடு ஒட்டியிருந்த முன்னிருப்புக் கொள்கை கண்டனத்துக்கு உள்ளானது.

மிஞ்சியவை இரண்டு விடைகள். விதையிலிருந்து நாற்று வருவதுபோல, உடலைப் போலவே ஆன்மாவும் பெற்றோரிடமிருந்து வருகிறது என்றார் கார்த்தேஜின் தெர்த்துல்லியன். ஒவ்வோர் ஆன்மாவையும் கடவுள் அப்போதைக்கப்போது புதிதாகப் படைக்கிறார் என்றார் ஜெரோம். ஆதாமின் பாவம் பிள்ளைகளுக்கு எப்படி இறங்குகிறது என்று கேட்டால் முதல் விடை வசதியானது. கடவுள் பாவம் படிந்த ஆன்மாவையா படைக்கிறார் என்ற கேள்வி இரண்டாவது விடையைக் குடைந்தது. மேலை உலகின் பெரும் சிந்தனையாளரான அகஸ்டின் (354–430) கடைசிவரை எந்தப் பக்கமும் சாயாமல், தனக்குத் தெரியவில்லை என்று எழுதினார். இந்த வரலாற்றில் மிக நேர்மையான இடம் அதுதான்.

பிற்காலக் கத்தோலிக்கம் ஜெரோம் பக்கம் நின்றது. ஒவ்வொருவருக்கும் தனித்தனி ஆன்மா உண்டு, அது அழியாதது என்று 1513இல் ஐந்தாம் லாத்தரன் சங்கம் அறிவித்தது. மனித உடல் பரிணாமத்தால் வந்ததா என்று ஆராயலாம், ஆன்மாவைக் கடவுள் நேரடியாகப் படைக்கிறார் என்பதில் மட்டும் மாற்றமில்லை என்று 1950இல் திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ் எழுதினார். லூத்தரன் மரபு பெரிதும் தெர்த்துல்லியன் பக்கம் சாய்ந்தது.

தமிழில் இந்தக் கதை கடற்கரையில் தொடங்குகிறது. முத்துக்குளித்துறைப் பரதவர்களிடையே உழைத்த சேசு சபைக் குரு என்ரிக்கே என்ரிக்கசின் ‘தம்பிரான் வணக்கம்’ 1578இல் கொல்லத்தில் அச்சானது. அக்கால ஞானோபதேசத்தில் போர்ச்சுகீசியச் சொற்கள் அப்படியே கலந்து கிடந்தன. பூசையைக் குறித்த ‘மிசை’ என்ற சொல் உள்நாட்டார் காதில் மீசையாக விழுந்தது. 1606இல் மதுரை வந்த இத்தாலியரான ராபர்ட் தெ நோபிலி, தத்துவப் போதகர் என்று பெயர் பூண்டு, அந்தச் சொற்களைக் களைந்து பூசை, ஞானஸ்நானம் போன்ற சொற்களைக் கையாண்டார்.

‘ஆத்தும நிருணயம்’ என்று ஒரு நூலையே அவர் எழுதினார். எதிரே நின்ற சிந்தனை எளிதானதல்ல. 13ஆம் நூற்றாண்டில் மெய்கண்டார் வகுத்துத் தந்த சைவ சித்தாந்தத்தில் பதி (இறைவன்), பசு (உயிர்), பாசம் (உயிரைப் பிணிக்கும் கட்டு) மூன்றும் அநாதி. பசுவாகிய ஆன்மாவை இறைவன் படைக்கவில்லை. அது என்றும் உள்ளது; பிறவிதோறும் உடல் மாற்றி, மலமாகிய அழுக்கு கழிந்து, அவன் திருவடி சேர்வது. நோபிலியோ ஆத்துமாவுக்கு முடிவில்லை, ஆனால் தொடக்கம் உண்டு என்று வாதாடினார். முன் இல்லாதது பின் அழியாமல் எப்படி நிற்கும் என்று சித்தாந்தி கேட்பார். அது இயல்பால் அநாதி அல்ல, படைத்தவனின் கொடையால் நிலைப்பது என்பது கிறித்தவரின் மறுமொழி. தமிழில் நடந்த தத்துவ விவாதங்களில் இதைவிடக் கூர்மையானவை குறைவு.

‘புனர்ஜென்ம ஆட்சேபம்’ என்ற நூலில் நோபிலி மறுபிறவியை நேராகவே மறுத்தார். ஒருவன் ஏழையாகவோ தாழ்ந்தவனாகவோ பிறப்பதற்கு முற்பிறப்பு வினைதான் காரணம் என்பதை அவர் ஏற்கவில்லை. அவரே சாதிப் பழக்கங்களைச் சபைக்குள் விட்டுவைத்தவர் என்பதை மறைக்க முடியாது. ஆனாலும் அந்த மறுப்பில் இருந்த விதை வேறோரிடத்தில் முளைத்தது. 1820இல் பாளையங்கோட்டை வந்த மிஷனரி ரேனியஸ் காலம் தொட்டு, திருநெல்வேலிச் சீமையில் ஊர் ஊராக மக்கள் சபையில் சேர்ந்தார்கள். பெரும்பாலோர் ஒடுக்கப்பட்ட சாதியினர். நீ இப்படிப் பிறந்தது போன பிறவியின் தண்டனை இல்லை, உனக்குப் போன பிறவியே இல்லை, உன் ஆத்துமா கடவுள் கையிலிருந்து புதிதாக வந்தது என்ற போதனை அவர்கள் காதில் எப்படி விழுந்திருக்கும் என்று யோசித்துப் பார்க்க வேண்டும்.

ஆத்துமா போன்றவற்றுக்குச் சரியான தமிழ்ச் சொல்லைத் தேடும் வேலை இன்னொரு பக்கம் நடந்தது. 1706 ஜூலை 9இல் தரங்கம்பாடியில் இறங்கிய லூத்தரன் மிஷனரி சீகன்பால்கு, தமிழ் அறிந்தவர்களுக்குக் கேள்விகள் அனுப்பி அவர்கள் எழுதிய கடிதங்களை ஜெர்மனில் பெயர்த்து அனுப்பினார். யாழ்ப்பாணத்தில் பெர்சிவல் பாதிரியாரின் விவிலிய மொழிபெயர்ப்புக்குத் துணைநின்ற ஆறுமுக நாவலர், பின்னாளில் சைவத்தின் பக்கம் நின்று மிஷனரிமாருக்குக் கடும் மறுப்பு எழுதினார். பவர் பாதிரியார் தலைமையிலான குழுவின் 1871 விவிலிய மொழிபெயர்ப்பு மண்ணிலிருந்து எழுந்த மனிதனை ‘ஜீவாத்துமா’ என்றது. 1995இல் வந்த பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியம் அந்த இடத்தில் உயிர் என்ற எளிய சொல்லுக்குத் திரும்பியது. எபிரேய மூலத்துக்கு அதுவே நெருக்கம்.

19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து திருநெல்வேலிக்காரர்கள் தோல் பதனிடும் வேலைக்குத் தாராவி வந்து சேர்ந்தார்கள். மூட்டையோடு வேதப்புத்தகமும் வந்தது, இரு சபைகளின் பழைய வழக்கும் வந்தது. கத்தோலிக்கருக்கு இறந்தவரின் ஆத்துமா உத்தரிக்கிற ஸ்தலத்தில் தூய்மை பெறலாம். ஆகவே முப்பதாம் நாள் பூசை, வருஷப் பூசை. சீர்திருத்த சபையாருக்கு அப்படி ஓர் இடமே இல்லை. 1517இல் லூத்தர் கிளப்பிய கலகமே அந்த ஸ்தலத்திலுள்ள ஆத்துமாக்களின் பேரில் பாவமன்னிப்புச் சீட்டு விற்றதை எதிர்த்துத்தான்.

‘நித்திரை’ என்ற சொல்லும் லேசுப்பட்டதல்ல. உயிர்த்தெழுதல்வரை ஆத்துமாவே தூங்குகிறதா, உடல் மட்டுமா? ஆத்துமா விழித்திருக்கிறது என்று 1534இல் சீர்திருத்தவாதி கால்வின் தனி நூலே எழுதினார். போஸ்டர் அடிக்கிற குடும்பங்களில் பெரும்பாலோர் எண்ணமும் அதுதான்: ஆத்துமா பரதீசில், தூங்குவது சரீரம். ஏழாம் நாள் அட்வென்டிஸ்டுகளோ முழு மனிதனும் உணர்வின்றித் துயில்கிறான், அழியாமை உயிர்த்தெழும்போதுதான் கிடைக்கும் என்பார்கள். 1955இல் ஹார்வர்டில் பேசிய இறையியலாளர் ஆஸ்கர் குல்மன், ஆன்மாவின் அழியாமை கிரேக்கச் சரக்கு, புதிய ஏற்பாட்டின் நம்பிக்கை உடலின் உயிர்த்தெழுதலே என்று வாதிட்டபோது இந்தப் பழைய கேள்விக்கு மறுபடி உயிர் வந்தது.

மும்பையில் அந்த உடலுக்கு இடம்தான் சிக்கல். 1865இல் நகராட்சி ஆணையர் ஆர்தர் கிராஃபோர்டு ஏற்படுத்திய சிவ்ரி கல்லறைத் தோட்டத்துக்கு நவம்பர் 2, கல்லறைத் திருநாளன்று, செம்பூரிலிருந்தும் தாராவியிலிருந்தும் தமிழ்க் குடும்பங்கள் போகின்றன. வழியில் மாட்டுங்கா பூக்கடைகளில் சாமந்தி மாலை, ஒரு பொட்டலம் மெழுகுவர்த்தி. காற்று அணைக்காமல் இருக்கக் கையால் மறைத்துக்கொண்டு திரியைக் கொளுத்துவார்கள். சீர்திருத்த சபையாரும் வருகிறார்கள், ஆத்துமாவுக்காக மன்றாட அல்ல, நினைத்துக்கொள்ள. நகரின் கல்லறைத் தோட்டங்களில் குழிகள் சில காலத்துக்குப் பின் திறக்கப்பட்டு வேறொருவருக்குப் போகின்றன. எடுத்த எலும்புகள் சுவரில் கட்டிய மாடக்குழிக்குள் வைக்கப்படுகின்றன.

எரிப்பதைக் கத்தோலிக்கத் திருச்சபை 1963இல் அனுமதித்தது. சாம்பலைக் காற்றிலோ கடலிலோ தூவக்கூடாது, பிரித்துக் கொடுக்கக்கூடாது, புனித இடத்திலேயே வைக்க வேண்டும் என்று வத்திக்கான் 2016இல் விதித்தது. 2020 மார்ச் 30இல் மும்பை மாநகராட்சி, கொரோனாவில் இறந்த எல்லா உடல்களையும் எரிக்க வேண்டும் என்று சுற்றறிக்கை விட்டு அன்றே அதைத் திருத்தியது. ஆனாலும் அந்த மாதங்களில் சில கிறித்தவக் குடும்பங்கள் தங்கள் வீட்டில் முதல் முறையாக ஓர் உடலை மின்தகன மேடைக்கு அனுப்பின. முந்தைய தலைமுறையின் எலும்பு இருக்கும் மாடக்குழிச் சுவரே சாம்பல் கலத்துக்கும் இடம் கொடுக்கிறது. முகப்புப் பலகையில் பெயருக்குக் கீழே இரண்டு தேதிகள் மட்டும் இருக்கும்: பிறப்பு, இறப்பு.