வெறுங்கழியாக இருந்த சொல்

ஸ்வீடிஷ் மொழியில் சட்டை மாட்டும் ஹேங்கருக்கும் தூக்குமரத்துக்கும் ஒரே பெயர்தான்: ‘கல்யே’. துணிக்கடையில் அதைக் கேட்டு வாங்குகிறவரை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. ஆங்கிலத்தில் தூக்குமரத்தைக் குறிக்கும் ‘கேலோஸ்’ இதன் கூடப்பிறந்த சொல். ஜெர்மானியரின் ‘கல்கன்’ இன்னொரு உடன்பிறப்பு.

இவற்றின் தாய்ச்சொல்லுக்குச் சாவோடு ஒட்டுறவே இல்லை. ஜெர்மானிய மொழிகளின் மூலவடிவத்தில் அது ‘கல்கோ’ என்று இருந்திருக்கும் என மொழியியலாளர்கள் மீட்டெடுத்திருக்கிறார்கள். பொருள், கழி. லித்துவேனிய மொழியில் இதற்கு உறவான ‘ஜால்கா’வுக்கு இன்றும் நீளக்கழி என்றுதான் அர்த்தம். ஆர்மேனியத்திலோ அதன் உறவுச்சொல் வெறும் குச்சி.

கழி எப்போது கொலைக்கருவியானது? நமக்குக் கிடைக்கும் மிகப் பழைய சான்று விவிலியத்தில் இருப்பதுதான் வேடிக்கை. 4ஆம் நூற்றாண்டில் ஆயர் உல்ஃபிலா விவிலியத்தைக் கோதிக் மொழிக்குக் கொண்டுவந்தபோது, இயேசு அறையப்பட்ட சிலுவைக்கு ‘கல்கா’ என்ற சொல்லையே எடுத்துக்கொண்டார். பழைய ஆங்கிலத்திலும் அதே வழக்கம்தான். சிலுவையே வாய்திறந்து தன் கதையைச் சொல்லும் பழைய ஆங்கிலக் கவிதை ஒன்று 10ஆம் நூற்றாண்டுச் சுவடியில் இருக்கிறது; அதிலும் இச்சொல் வருகிறது. பிறகு லத்தீன் வழியாகச் சிலுவைக்கென்று தனிச்சொல் வந்து சேர்ந்தது. புனிதமெல்லாம் அதனோடு போய்விட்டது. ‘கேலோஸ்’ பங்குக்குக் குற்றவாளிகள் மட்டும் மிஞ்சினார்கள்.

‘கேலோஸ்’ என்பதன் கடைசியில் இருக்கும் ‘ஸ்’ பன்மை விகுதி. இரண்டு கால் நட்டு மேலே ஒரு குறுக்குச்சட்டம் போட்டால்தான் தூக்குமரம் முழுமையாகும் என்பதால் பன்மை ஒட்டிக்கொண்டது என்கிறார்கள். நாளடைவில் அதுவே ஒருமையாகவும் புழங்கத் தொடங்கியது.

லண்டனில் 1571இல் டைபர்ன் என்ற இடத்தில் நிறுத்தப்பட்ட தூக்குமரத்துக்கு இரண்டு கால் போதவில்லை. மூன்று கால், அவற்றை இணைத்து முக்கோணமாக மூன்று சட்டங்கள். 1649 ஜூன் 23 அன்று ஒரே நேரத்தில் 24 பேர் அதில் தொங்கவிடப்பட்டார்கள். தச்சுவேலைதான் என்றாலும் மக்கள் வாயில் அது ‘டைபர்ன் மரம்’. 1759இல் அதைப் பிடுங்கிவிட்டு, தேவைப்படும்போது மட்டும் நிறுத்தும் தூக்குமரத்துக்கு மாறினார்கள். 1783இல் டைபர்னில் தூக்கிலிடுவதே நின்று, நியூகேட் சிறை வாசலுக்குப் போனது. 1868இல் பொதுமக்கள் கண்முன்னே தூக்கிலிடுவது சட்டப்படி ஒழிந்தது. டைபர்னின் பெயரைவிட அதன் தூக்கிலிடுவோன் ஒருவனின் பெயர் அதிகம் ஊர்சுற்றியிருக்கிறது: 1600ஐ ஒட்டி அங்கே வேலை பார்த்த டெரிக். அவன் பெயர் முதலில் தூக்குமரத்துக்கும், பிறகு பாரந்தூக்கிக்கும், கடைசியில் எண்ணெய்க் கிணற்றின் கோபுரத்துக்கும் போய்ச் சேர்ந்தது. அமெரிக்க நாட்டுப்புறங்களில் கால்சட்டையைத் தோளிலிருந்து தாங்கும் பட்டைகளுக்குக்கூட ‘கேலஸ்’ என்றுதான் பெயர். அதுவும் ‘கேலோஸ்’ திரிந்ததே.

ஆங்கிலத்தின் அண்டை மொழிகளும் இந்தக் கருவிக்குப் புதுப்பெயர் தேடி மெனக்கெடவில்லை. ஸ்பானியத்தின் ‘ஓர்கா’, இத்தாலியத்தின் ‘ஃபோர்கா’ இரண்டும் கவைக்கோலைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தவை. பிரெஞ்சின் ‘போதான்ஸ்’ முன்பு ஊன்றுகோல். கையருகே இருந்த கோலின் பெயரே கொலைக்கருவிக்கும் ஆகிவந்திருக்கிறது.

தமிழில் இரண்டு கருவிகள், இரண்டு சொற்கள். ‘கழு’ என்பது ஆளைச் செருகும் கூர்மரம்; ‘தூக்கு’ என்பது கயிற்றில் தொங்கவிடும் செயலிலிருந்து வந்தது. இன்றைய எழுத்தில் கழுவேற்றுவதையும் தூக்கிலிடுவதையும் ஒன்றாகக் குழப்புகிறார்கள். சமணர் கழுவேறியதாகப் பெரியபுராணம் சொல்வதற்கும் கயிற்றுக்கும் தொடர்பில்லை. 1799 அக்டோபர் 16 அன்று கயத்தாறில் கட்டபொம்மனைக் கும்பினியார் கொன்றது கழுவிலும் அல்ல, சட்டம் நட்டுச் செய்த தூக்குமரத்திலும் அல்ல, ஒரு புளியமரத்தில்.

இந்த வேறுபாடு விவிலியத்தில் ஓரிடத்தில் உறைக்கிறது. எஸ்தர் கதையில் பாரசீக அரசவையின் ஆமான், தன் எதிரி மொர்தெகாயைக் கொல்ல 50 முழ உயரத்தில் ஒன்றை நிறுத்துகிறான். எபிரேய மூலத்தில் அது வெறும் ‘மரம்’. 1611இல் வந்த ஆங்கில மொழிபெயர்ப்பு ‘கேலோஸ்’ என்றது; தமிழ் விவிலியம் ‘தூக்குமரம்’ என்றது. பாரசீகர்கள் ஆளை மரத்தில் செருகிக் கொல்வார்கள் என்பதை மனதில் கொண்டு, அண்மைக்கால ஆங்கில மொழிபெயர்ப்புகள் சில ‘கேலோஸை’ எடுத்துவிட்டுக் ‘கம்பம்’ என்று திருத்திக்கொண்டிருக்கின்றன. ஆனால் ஆளைச் செருகுவது என்ற பொருள் ‘கம்பம்’ என்ற சொல்லில் முழுதாக வருவதில்லை. தமிழ் திருத்துவதானால் ‘கழுமரம்’ என்று எழுதினால் போதும்.