மாலத்தீவின் காப்புறவுகள்: ஒரு வரலாற்று நோக்கு

1. முன்னுரை

திருவனந்தபுரத்திற்குத் தென்மேற்கே ஏறத்தாழ 600 கிலோமீட்டர் தொலைவில் மாலத்தீவின் தலைநகரான மாலே உள்ளது. மருத்துவத்திற்காகவும் கல்விக்காகவும் மாலத்தீவு மக்கள் பல்லாண்டுகளாகத் திருவனந்தபுரத்திற்கு வந்து தங்கிச் செல்கின்றனர். இந்திய வான்படையின் தென்மண்டலத் தலைமையகம் 1984இல் இந்நகரில்தான் நிறுவப்பட்டது. அண்டை வீட்டார் உறவு, படைவலியின் அண்மை என்னும் இரண்டும் இவ்வாறு ஒரே நகரில் அமைந்துள்ளன. மாலத்தீவின் அயலுறவு வரலாறு இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட வரலாறே எனலாம்.

தமிழகக் கல்வெட்டுகளில் ஊர்கள் காவலுரிமையை வலியவர்க்கு வழங்கி, அதற்கு ஈடாகப் பொருள் கொடுத்ததைப் 'பாடிகாவல்' என்னும் சொல் குறிக்கும். காவலுக்குக் கொடுக்கும் பொருள் கூலியா, திறையா என்னும் ஐயம் அச்சொல்லிலேயே அடங்கியுள்ளது. காவலை நாடும் சிறு நாடுகளுக்கும் இவ்வையம் பொருந்தும். மாலத்தீவு தன் காவலர்களை எவ்வாறு ஏற்றது, எப்பொழுது மறுத்தது என்பதை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2. கொச்சியும் கண்ணனூரும்

முதலாம் இராசராசனின் மெய்க்கீர்த்தி, கடலிடைப்பட்ட பன்னீராயிரம் தீவுகளை அவன் கொண்டதாகக் கூறுகிறது. அவை மாலத்தீவுகளே என்பது வரலாற்றறிஞர் பலரின் கருத்தாகும். எனினும் அவ்வெற்றி நிலையான ஆட்சியாக வளர்ந்ததற்குச் சான்று இல்லை.

16ஆம் நூற்றாண்டில் கேரளக் கரை இத்தீவுகளின் அரசியலோடு நேரடித் தொடர்பு கொண்டது. அரியணையை இழந்த சுல்தான் ஒன்பதாம் அசன் கொச்சிக்கு வந்து, 1552இல் கிறித்தவ சமயத்தைத் தழுவினார். அவர் பெயரால் போர்த்துக்கீசியர் 1558இல் மாலேயைக் கைப்பற்றினர். முகம்மது தக்குருஃபானு தலைமையில் எழுந்த தீவினர் 1573இல் அவர்களை வெளியேற்றினர். இப்போராட்டத்தில் கண்ணனூர் அலி ராஜாவின் துணை அவர்களுக்குக் கிடைத்தது. ஆயின் துணை நின்ற அதே மரபினரின் படையே 1752இல் மாலேயைத் தாக்கிச் சுல்தானைச் சிறைப்பிடித்தது. சில திங்களில் அப்படையும் விரட்டப்பட்டது. நண்பராயினும் பகைவராயினும் மாலேயில் படையோடு தங்கியவர் எவரும் அங்கு நிலைபெறவில்லை என்பது இங்குக் கருதத்தக்கது.

3. கொழும்பு வழியாக அமைந்த காவல்

17ஆம் நூற்றாண்டின் நடுவில் இலங்கைக் கடற்கரையைக் கைப்பற்றிய டச்சுக்காரர், மாலத்தீவைத் தம் காவலுக்குட்பட்டதாகக் கருதினர். சுல்தானின் தூதர் ஆண்டுதோறும் கொழும்புக்குக் காணிக்கை கொண்டு சென்றனர்; எதிர்ப் பரிசில்களுடன் திரும்பினர். டச்சுக்காரர் மாலேயில் ஆட்சி அமைக்கவில்லை. அவர்கள் நாடியது சோழியே. வங்காளம் முதலிய இடங்களில் சோழி அக்காலத்தில் நாணயமாக வழங்கியது. 1796இல் கொழும்பு ஆங்கிலேயர் கைக்கு மாறியபோது இவ்வழக்கமும் அவர்களைச் சேர்ந்தது.

1887இல் செய்துகொண்ட உடன்பாட்டின்படி மாலத்தீவு பிரித்தானியக் காப்புநாடாயிற்று. அயலுறவு பிரித்தானியரின் பொறுப்பாகவும், உள்நாட்டாட்சி சுல்தானின் உரிமையாகவும் பிரிக்கப்பட்டன. திருவிதாங்கூரில் நெடுங்காலம் இருந்தது போன்ற ரெசிடெண்ட் எவரும் மாலேயில் அமர்த்தப்படவில்லை. இவ்வேறுபாடு முக்கியமானது. காவலர் கொழும்பிலேயே இருந்தமையால் காவல் நீடித்தது. 1948இல் இலங்கை விடுதலை பெற்றபொழுது புதிய உடன்படிக்கையின் வாயிலாக இவ்வுறவு தொடர்ந்தது.

4. கன் தளமும் தெற்கின் பிரிவும்

தொலைவில் நின்ற காவல் தீவுக்குள் நுழைந்தது 20ஆம் நூற்றாண்டில்தான். இரண்டாம் உலகப்போரின்போது பிரித்தானியர் தெற்கே அட்டு பவளத்தீவுக் கூட்டத்தில் மறைவான கடற்படைத் தளமொன்றையும் கன் தீவில் விமான ஓடுதளத்தையும் அமைத்தனர். போருக்குப்பின் கைவிடப்பட்ட கன் தளத்தை, ஆண்டுக்கு 2,000 பவுண்டு வாடகையில் நூறாண்டுக் குத்தகைக்குப் பெற 1956இல் உடன்பாடு காணப்பட்டது. 1957இல் தலைமை அமைச்சரான இப்ராகிம் நாசிர் குத்தகையைக் குறைக்கவும் வாடகையை உயர்த்தவும் கோரினார்.

தளத்தில் வேலை பெற்றிருந்த தென்பகுதி மக்களுக்கோ தளமே வாழ்வாதாரமாக இருந்தது. தம் வருவாயில் மாலே குறுக்கிடுவதை எதிர்த்த அவர்கள், 1959இல் அப்துல்லா அஃபீப் தலைமையில் சுவதிவ் ஐக்கியக் குடியரசை அறிவித்தனர். 1963இல் அக்குடியரசு முடிவுற்றது. அஃபீப் சேசெல்சுக்கு அனுப்பப்பட்டார். தளம் ஒரு சாராருக்கு உணவாகவும் மறு சாராருக்கு இழிவாகவும் தோன்றியதால் நாடே இரண்டாயிற்று.

1960இல் குத்தகை 30 ஆண்டாகக் குறைக்கப்பட்டது. 1965 சூலை 26இல் மாலத்தீவு முழு விடுதலை பெற்றது. அதே ஆண்டில் ஐக்கிய நாடுகள் அவையில் உறுப்பினராயிற்று. பிரித்தானியர் 1976இல் கன் தளத்தை விட்டு வெளியேறினர். அத்தளத்தைக் குத்தகைக்குப் பெற அடுத்த ஆண்டில் சோவியத்து ஒன்றியம் முன்வந்தபோது, மாலே அதனை மறுத்தது.

5. 1988உம் அதன் பின்னும்

தளம் இல்லாத நாட்டின் எளிமையை 1988 நவம்பர் 3 வெளிப்படுத்தியது. மாலத்தீவு வணிகர் அப்துல்லா லுத்துஃபியின் திட்டப்படி, தமிழீழ மக்கள் விடுதலைக் கழகத்தைச் சேர்ந்த ஏறத்தாழ 80 பேர் மாலேயைத் தாக்கினர். குடியரசுத் தலைவர் கயூம் பல நாடுகளிடம் உதவி கோரினார். ஆக்ராவிலிருந்து இடைநில்லாமல் பறந்த இந்தியப் படையினர் அன்றிரவே ஊலுலே விமான நிலையத்தில் இறங்கினர். பிணையாளிகளுடன் தப்பிய கப்பலை இந்தியக் கடற்படை மடக்கியது. படையினருள் பெரும்பாலோர் விரைவில் திரும்பினர். எஞ்சிய சிறு பிரிவும் ஏறத்தாழ ஓராண்டில் வெளியேறியது. மறு ஆண்டில், மாலத்தீவின் முன்முயற்சியால், சிறு நாடுகளின் பாதுகாப்புக் குறித்த தீர்மானத்தை ஐ.நா. பொதுப்பேரவை நிறைவேற்றியது.

2023இல் 'இந்தியாவே வெளியேறு' என்னும் முழக்கத்தின் பின்னணியில் முகம்மது முயிசு தேர்தலில் வென்றார். பூசலுக்குரிய இந்தியப் படையினர் நூற்றுவருக்கும் குறைவானவரே. இரு எலிகாப்டர்களையும் ஒரு டோர்னியர் விமானத்தையும் அவர்கள் இயக்கி வந்தனர். அவை நோயாளிகளை ஏற்றிச் செல்லவும் பயன்பட்டன. 2024 மே மாதத்திற்குள் அவர்களுக்குப் பதிலாகப் படைசாராத் தொழில்நுட்பர் அமர்த்தப்பட்டனர். விமானங்கள் அங்கேயே இருந்தன. அவற்றை இயக்கியவரின் சீருடையே மாறிற்று. அதே ஆண்டு மார்ச்சில் சீனாவுடன் படை உதவி உடன்பாடும், அக்டோபரில் இந்தியாவுடன் பொருளாதார, கடற்பாதுகாப்புக் கூட்டுறவு ஒப்புதலும் காணப்பட்டன.

6. முடிவுரை

மேற்கண்டவற்றால் ஓர் ஒழுங்கு புலனாகிறது. மாலத்தீவு காவலை மறுத்ததில்லை. காவலர் தன் மண்ணில் தங்குவதையே மறுத்தது. கொழும்பில் இருந்த காவலர் முந்நூறு ஆண்டுகள் ஏற்கப்பட்டனர். மாலேயில் அமர்ந்தவர் பதினைந்து ஆண்டுகளில் விரட்டப்பட்டனர். 1988இல் வந்த படை நன்றியுடன் நினைக்கப்படுவதற்கு அதன் விரைந்த வருகை மட்டுமன்றி அதன் திரும்புகையும் காரணமாகும். 2023இன் முழக்கத்தை நன்றியின்மை என்றோ, பிற வல்லரசின் தூண்டுதல் என்றோ மட்டும் கொள்வது இந்நெடிய வரலாற்றைக் காணாது விடுவதாகும். 2022 கணக்கெடுப்பின்படி ஐந்து இலட்சத்திற்குச் சற்றே மிகுந்த மக்களைக் கொண்ட நாட்டில், நூறு பேருக்கும் குறைவான படையினர்கூட இறையாண்மை பற்றிய வினாவாக மாறக்கூடும். அண்டையிலுள்ள பெருநாடு இதனை உணர்ந்து நடப்பின், மாலேயிலிருந்து மருத்துவம் நாடித் திருவனந்தபுரம் வருவோரின் வழியும் தடையின்றி இருக்கும்.