தொழுகை மறுக்கப்பட்ட மூன்று ஜனாஸாக்கள்

2017 ஜூன் 3, சனிக்கிழமை. ரமழானின் முதல் பத்து. இலண்டனின் கோடைக்கால நோன்பு ஏறத்தாழ 18 மணி நேரம் நீளும். இரவு 9 மணிக்குப் பின்னரே நோன்பு திறக்க முடியும். மக்ரிப் தொழுதுவிட்டு மக்கள் தராவீஹுக்கு ஆயத்தமாகிக்கொண்டிருந்த வேளை. 10 மணி கடந்த சில நிமிடங்களில், வாடகைக்கு எடுக்கப்பட்ட வெள்ளை வேன் ஒன்று இலண்டன் பாலத்தின் நடைபாதைமீது ஏறியது. பாலத்தைக் கடந்ததும் அதிலிருந்து மூவர் கத்திகளுடன் இறங்கி, பரோ மார்க்கெட்டைச் சூழ்ந்த உணவகங்களிலும் மதுக்கூடங்களிலும் வார இறுதியைக் கழித்துக்கொண்டிருந்தவர்களைக் குத்தினர். 8 பேர் உயிரிழந்தனர். 48 பேர் காயமுற்றனர். முதல் அவசர அழைப்பு வந்த எட்டு நிமிடங்களுக்குள் காவலர்கள் மூவரையும் சுட்டு வீழ்த்தினர். அவர்கள் இடுப்பில் கட்டியிருந்த வெடிகுண்டுகள் போலியானவை.

இறந்த எண்மரில் பிரிட்டன் நாட்டவர் ஒருவர்தாம். மூவர் பிரான்ஸ், இருவர் ஆஸ்திரேலியா, ஒருவர் கனடா, ஒருவர் ஸ்பெயின். ஸ்பெயின்காரர் வங்கி ஊழியர். சறுக்குப் பலகையுடன் மிதிவண்டியில் சென்றவர், ஒரு பெண் குத்தப்படுவதைக் கண்டு அந்தப் பலகையையே ஆயுதமாக்கிக் கொலைகாரர்களை எதிர்த்து உயிர்துறந்தார். கொலைகாரர்கள் எழுப்பிய கூச்சலில் அல்லாஹ்வின் திருப்பெயரும் இருந்ததாக நேரில் கண்டவர்கள் கூறினர். அம்மூவரின் பெயர்களை நான் இங்கு எழுதப்போவதில்லை.

மறுநாள் காலை பிரதமர் தெரசா மே, தீவிரவாதத்தைச் சகித்தது போதும் என்று முழங்கினார். நாடாளுமன்றத் தேர்தலுக்கு நான்கே நாள்கள் இருந்தன. நகர மேயர் சாதிக் கான், தெருக்களில் காவலர்கள் மிகுதியாகத் தென்படுவார்கள், அதனால் பதற வேண்டாம் என்றார். அவர் சொன்னதன் முற்பகுதியை வெட்டி எறிந்துவிட்டு, பிற்பகுதியை மட்டும் பிடித்துக்கொண்டு அமெரிக்க அதிபர் டிரம்ப் அவரை ஏளனம் செய்தார். ஜூன் 6 அன்று ஒரே நாளில் முஸ்லிம்களுக்கு எதிரான 20 சம்பவங்கள் இலண்டனில் பதிவாயின. அவ்வாண்டின் நாள் சராசரி 3.5 மட்டுமே. இவையெல்லாம் ஒவ்வொரு தாக்குதலுக்குப் பின்னும் நாம் காண்பவையே. நீட்டி எழுத வேண்டியதில்லை.

ஆனால் ஜூன் 5 அன்று நிகழ்ந்த ஒன்று வழமைக்கு மாறானது. பல்வேறு மத்ஹபுகளையும் சிந்தனைப் போக்குகளையும் சேர்ந்த 130க்கும் மேற்பட்ட இமாம்களும் மார்க்க அறிஞர்களும் கூட்டாக ஓர் அறிவிப்பை வெளியிட்டனர். கொல்லப்பட்ட தாக்குதலாளிகளுக்குத் தாங்கள் ஜனாஸா தொழுகை நடத்தப்போவதில்லை. ஏனைய இமாம்களும் அதிலிருந்து விலகிக்கொள்ள வேண்டும் என்பதே அதன் சாரம்.

நம்மில் பலருக்கு இது நெருடலாகத் தோன்றியது. ஜனாஸா தொழுகை ஃபர்ளு கிஃபாயா அல்லவா? பாவிக்கும் அது உரியதல்லவா? அண்டை வீட்டாரை மகிழ்விப்பதற்காக மார்க்கக் கடமையை விட்டுக்கொடுத்தார்களோ?

இல்லை. அவர்கள் நின்ற இடம் மிகப் பழையது. அகன்ற அம்புமுனையால் தற்கொலை செய்துகொண்ட ஒருவரின் ஜனாஸா கொண்டுவரப்பட்டபோது நபி (ஸல்) அவர்கள் அவருக்குத் தொழுகை நடத்தவில்லை என ஜாபிர் இப்னு ஸமுரா (ரலி) அறிவித்த செய்தி ஸஹீஹ் முஸ்லிமில் உள்ளது. கைபரில் போர்ச்செல்வத்திலிருந்து இரண்டு திர்ஹம்கூடப் பெறாத மணிகளைத் திருடி வைத்திருந்தவரின் ஜனாஸாவிலும் அவ்வாறே. அங்கே தோழர்களைத் தொழச் சொல்லிவிட்டு, தாம் ஒதுங்கிக்கொண்டார்கள். இதிலிருந்தே, பொதுமக்கள் தொழலாம், ஆனால் சமூகத்தின் தலைமையிலுள்ளோர் விலகி நிற்கலாம் என்ற கருத்து ஃபிக்ஹ் நூல்களில் வளர்ந்தது. ஹனஃபி சட்டம் இன்னும் கடுமையானது: வழிப்போக்கர்களைத் தாக்கும் கொள்ளையர் அந்தச் சண்டையிலேயே கொல்லப்பட்டால் அவர்களுக்குத் தொழுகை இல்லை. பாலத்தில் நடந்து சென்றவர்மீது வண்டியை ஏற்றியவனுக்கு இதைவிடப் பொருந்தும் சட்டம் வேறு எது?

ஆக, அந்த மறுப்பு இறந்தவனின் மறுமையைப் பற்றிய தீர்ப்பன்று. அது அல்லாஹ்வின் அதிகாரம். மறுப்பு உயிரோடிருப்போருக்குச் சொல்லப்பட்டது. குறிப்பாக, இப்படிச் சாவதை ஷஹாதத் என்று நம்பத் தொடங்கியிருக்கும் ஓர் இளைஞனுக்கு.

இதற்கு முன்னோடி நம் நாட்டிலேயே உண்டு. 2008 நவம்பரில் மும்பையைத் தாக்கியவர்களில் ஒன்பது பேர் கொல்லப்பட்டனர். மெரின் லைன்ஸிலுள்ள படா கப்ரஸ்தானை நிர்வகிக்கும் ஜும்ஆ மஸ்ஜித் அறக்கட்டளை, அவர்களை அங்கு அடக்க இடம் தர மறுத்தது. ஓராண்டுக்கும் மேலாக ஜே.ஜே. மருத்துவமனையின் பிணவறையில் கிடந்த உடல்களை 2010 ஜனவரியில் அரசு அறிவிக்கப்படாத ஓரிடத்தில் புதைத்தது. மையித்தை விரைந்து அடக்குவதை வலியுறுத்தும் ஒரு சமூகம் எடுத்த முடிவு அது. எளிதாக எடுத்திருக்க முடியாது.

வேறொரு எதிர்ப்பும் எழுந்தது: எங்கோ மூவர் செய்த கொலைக்கு நாம் ஏன் விளக்கம் சொல்ல வேண்டும்? வேறெந்தச் சமூகத்திடம் இப்படிக் கேட்கிறார்கள்? நியாயமான கேள்விதான். கொன்றவனின் பாவத்தை இன்னொருவர் சுமப்பதில்லை என்பது குர்ஆன் திரும்பத் திரும்பக் கூறும் நீதி. மன்னிப்புக் கேட்கும் கடன் அந்த இமாம்களுக்கு இல்லை; அவர்கள் கேட்கவுமில்லை. அரசாலும் ஊடகத்தாலும் செய்ய முடியாத, இமாம் என்ற இடத்திலிருப்பவர் மட்டுமே செய்யக்கூடிய ஒன்றைச் செய்தார்கள்.

மூவரில் ஒருவனைப் பற்றி இங்கு ஒரு செய்தி சொல்ல வேண்டும். தேர்தலில் வாக்களிப்பது குறித்து இமாம் பேசியபோது இடைமறித்துக் கூச்சலிட்டதற்காக, கிழக்கு இலண்டனின் ஒரு பள்ளிவாசலிலிருந்து அவன் வெளியேற்றப்பட்டிருந்தான். 2015இல் அவனுடைய மைத்துனரே பயங்கரவாதத் தடுப்புப் பிரிவின் தொலைபேசிக்கு அழைத்து அவனைப் பற்றி எச்சரித்தார். முஸ்லிம்கள் அறிந்தும் மௌனமாயிருந்தார்கள் என்ற பேச்சு, 2019இன் மரண விசாரணையில் வெளிவந்த இச்செய்திக்குப் பின்னும் ஓயவில்லை.

இனி நம் வீட்டுக்குள் பேசப்படும் ஒன்று. இத்தகைய செய்தி வரும்போது, "அந்த நேரத்தில் அந்த இடத்தில் அவர்களுக்கு என்ன வேலை?" என்று ஒருவர் மெல்லச் சொல்வதை நான் கேட்டிருக்கிறேன். மது ஹராம் என்பதில் ஐயமில்லை. ஆனால் மதுக்கூடத்தில் அமர்ந்திருப்பதால் ஓர் உயிரின் புனிதம் குறைந்துவிடுகிறது என்று எந்த இமாம் சொன்னார்? ஒரு உயிரைக் கொல்வது மனிதர் அனைவரையும் கொல்வதற்கு ஒப்பு என்று கூறும் ஸூரத்துல் மாயிதா வசனம், அந்த உயிரின் இரவுப் பழக்கங்களை விசாரிக்கவில்லை. அந்த முணுமுணுப்பு கொலைகாரனின் வாதத்துக்கு எவ்வளவு அருகில் நிற்கிறது என்பதைச் சொல்பவர் உணர்வதில்லை.

பரோ மார்க்கெட் ஜூன் 14 அன்று மீண்டும் திறந்தது. அதே நாள் விடியற்காலையில்தான் மேற்கு இலண்டனின் கிரென்ஃபெல் கோபுரம் தீப்பற்றியது. ஸஹருக்காக விழித்திருந்த முஸ்லிம்கள் அண்டை வீட்டாரின் கதவுகளைத் தட்டி எழுப்பினர்.

பதினாறாம் நாள் இன்னொரு வேன் வந்தது. ஜூன் 19, நள்ளிரவு கடந்த வேளை, ரமழானின் கடைசிப் பத்து. ஃபின்ஸ்பரி பார்க்கில் தராவீஹ் முடித்து வந்தவர்கள், தெருவோரத்தில் மயங்கி விழுந்த ஒருவருக்கு உதவிக்கொண்டிருந்தபோது, ஒருவன் அக்கூட்டத்தின்மீது வண்டியை ஏற்றினான். மயங்கி விழுந்திருந்தவர் இறந்தார், பலர் காயமுற்றனர். வெகுண்ட மக்கள் ஓட்டுநரைத் தரையில் அழுத்திப் பிடித்தனர். அடிகள் விழத் தொடங்கின. அப்போது முஸ்லிம் வெல்ஃபேர் ஹவுஸின் இமாம் முஹம்மத் மஹ்மூத் வந்து, அவனை யாரும் தொடக் கூடாது என்று தடுத்தார். காவலர்களிடம் உயிரோடு ஒப்படைக்கும்வரை அவனுக்கு அரணாக நின்றார். மறு ஆண்டு நீதிமன்றம் அவனுக்குக் குறைந்தது 43 ஆண்டுகள் சிறையில் கழிக்க வேண்டிய ஆயுள் தண்டனை விதித்தது.

செய்தியாளர்கள் இமாமை வீரர் என்று புகழ்ந்தார்கள். தாம் தனியாக அதைச் செய்யவில்லை என்றார் அவர். நிதானம் இழக்காத சகோதரர்கள் சிலரும் தம்முடன் சேர்ந்து நின்றதாகச் சொன்னார்.