விராலிமலை முத்துக்கண்ணம்மாள்

விராலிமலை முத்துக்கண்ணம்மாள், பரதநாட்டியத்தின் முன்வடிவமான சதிராட்டத்தின் கலைஞர். திருச்சிராப்பள்ளியிலிருந்து மதுரை செல்லும் சாலையில் உள்ள விராலிமலை முருகன் கோயிலின் ஆடல் மரபைச் சேர்ந்தவர். தேவரடியார் குடும்பத்தில் ஏழாம் தலைமுறை. தந்தை இராமச்சந்திர நட்டுவனாரே குரு. புதுக்கோட்டைத் தொண்டைமான் ஆட்சியின் கடைசிக் காலத்தில், ஏழு வயதில் பொட்டுக் கட்டப்பட்டு, கோயில் பணிக்கு அர்ப்பணிக்கப்பட்டார். அப்போது இக்கோயிலுக்கு முப்பத்திரண்டு தேவரடியார்கள் இருந்தனர். அவர்களில் கடைசியாக எஞ்சியவர் இவரே.

1947இல் சென்னை மாகாணம் பொட்டுக் கட்டும் வழக்கத்தைச் சட்டத்தால் ஒழித்தது. 1948இல் புதுக்கோட்டை சமஸ்தானம் திருச்சிராப்பள்ளி மாவட்டத்துடன் இணைந்தது. மன்னராட்சியோடு கோயில் ஆடலுக்கான ஆதரவும் போயிற்று. கலை பலரது வீட்டுக்குள்ளேயே அடங்கிப்போனது. முத்துக்கண்ணம்மாள் ஆடுவதையும் கற்பிப்பதையும் கைவிடவில்லை.

இவரது தனிச்சிறப்பு, தானே பாடிக்கொண்டு ஆடுவது. இன்றைய பரதநாட்டிய மேடையில் பாடகர் ஒருபுறம் அமர்ந்து பாட, நர்த்தகி ஆடுகிறார். பழைய சதிரிலோ ஆடுபவரின் குரலும் கச்சேரியின் அங்கம். அரைமண்டியில் நின்று பாதத்தைத் தட்டி அடவை முடிக்கும்போதும் பாட்டின் மூச்சு அறுபடக் கூடாது. நட்டுவனார் தட்டுக்கழியால் போடும் தாளத்தைக் காலும் குரலும் ஒருசேரப் பிடிக்க வேண்டும். முதுமையிலும் இவர் அமர்ந்தபடி பாடி, முகத்தாலும் கைகளாலும் மட்டுமே பதம் என்னும் பாடல் ஒன்றை முழுமையாக உணர்த்திவிடுவார். ஏட்டில் எழுதி இந்த ஆடல்முறையைக் காப்பாற்ற முடியாது.

2022ஆம் ஆண்டு இந்திய அரசு இவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கியது. மிகவும் காலம் தாழ்ந்து வந்த அங்கீகாரம் அது.