அண்ணன் குடித்த பெட்ரோலும் தம்பி வாங்கிய பெயரும்!

வெள்ளாற்றங்கரை லப்பைக்குடிக்காட்டில் ஒரு வீடு என்று வைத்துக்கொள்ளுங்கள். 90-களில் சவூதியிலிருந்து விடுமுறைக்கு வந்த அத்தா ஆசையாக வாங்கிய யமஹா ஆர்எக்ஸ் 100, கொட்டகையில் தார்ப்பாய்க்குள் தூங்குகிறது. பக்கத்திலேயே பெரியத்தாவின் ராஜ்தூத் 350. இரண்டையும் கேட்டு சென்னையிலிருந்து ஆள் வந்தாச்சு! எதை விடலாம், எதை வைத்துக்கொள்ளலாம்? பதில் சொல்லுமுன் கொஞ்சம் பழைய கதை.

மாருதி 800 வந்த அதே 1983-ல்தான் ராஜ்தூத் 350-ம் வந்தது. பெயர்தான் நம்ம ஊர், உடம்பு ஜப்பான். 1973-ல் யமஹா இறக்கிய ஆர்டி 350-ஐ, உரிமம் வாங்கி இங்கே தயாரித்தது எஸ்கார்ட்ஸ் கம்பெனி. இரட்டை சிலிண்டர், 347 சிசி, ஆறு கியர்! ஜப்பானில் 39 குதிரைசக்தி, இங்கே 30.5 ஆகக் குறைத்தார்கள். அப்போதைய புல்லட் 350-க்கோ வெறும் 18-தான். நம்மாட்கள் மிரண்டே போனார்கள்.

ஆனால், முன்சக்கர டிஸ்க் பிரேக்கை எடுத்துவிட்டு டிரம் பிரேக் வைத்தார்கள். பாய்ந்த வேகத்துக்கு அது போதவில்லை. பெட்ரோலையோ தண்ணீராகக் குடித்தது. மைலேஜுக்காக சக்தியை 27 ஆக இறக்கிப் பார்த்தும் வியாபாரம் தேறவில்லை. அந்தப் பத்தாண்டோடு கதை முடிந்தது.

தம்பி ஆர்எக்ஸ் 100 வந்தது 1985-ல். 98 சிசி, 11 குதிரைசக்திதான். ஆனால், எடை 100 கிலோவை ஒட்டி. அண்ணனோ 150-க்கும் மேல். ஒல்லிப்பிச்சான் உடம்பில் 11 குதிரை என்றால் சும்மாவா? கல்லூரி வாசலில் அந்த 'டர்ர்ர்' சத்தம் கேட்டாலே தலைகள் திரும்பும். பெட்ரோலோடு ஆயிலும் சேர்ந்து எரியும் டூ ஸ்ட்ரோக் இன்ஜின்; புகைக் கட்டுப்பாடு இறுகியதும் 1996-ல் அதுவும் நின்றது.

இப்போது வேடிக்கையைப் பாருங்கள். அன்று யாரும் வாங்காததால்தான் 350 இன்று அபூர்வம், விலையும் உச்சி. எல்லோரும் வாங்கியதால்தான் ஆர்எக்ஸுக்கு இன்றும் உதிரிபாகம் கிடைக்கிறது. ஊர் மெக்கானிக்கே பிரித்துப் பூட்டிவிடுவார். அதிலேயே ஒரு வில்லங்கம்: பல ஆர்எக்ஸ் 100-க்குள் உட்கார்ந்திருப்பது பின்னால் வந்த 135-ன் இன்ஜின்! அதனால் பளபளப்பைப் பார்த்து மயங்காதீர்கள். இன்ஜின் நம்பரும் சேஸிஸ் நம்பரும் ஆர்.சி. புத்தகத்தோடு பொருந்துகிறதா என்று பாருங்கள்.

'பழைய வண்டிக்குச் சட்டத்தில் சலுகை உண்டாமே?' என்பீர்கள். 2021-ல் வந்த விதி, 50 வருஷம் தாண்டிய வண்டியைத்தான் 'வின்டேஜ்' என்கிறது. 1983 வண்டியே 2033 வரை காத்திருக்கணும்! அதுவரை 15 வருஷம் முடிந்த எந்த வண்டியையும்போல, 5 வருஷத்துக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பித்தாக வேண்டும். விட்டுவிட்டால், ரோட்டில் ஓட்ட முடியாது. வாங்க வருபவரும் அதைச் சொல்லியே விலையை அடிப்பார்.

என்னைக் கேட்டால்? ஓட்ட ஆசையிருந்தால் தம்பியை வைத்துக்கொள்ளுங்கள். அண்ணனைப் பராமரிக்கப் பணமும் பொறுமையும் இல்லையென்றால், இரண்டும் உள்ள ஒருவருக்குக் கொடுத்துவிடுங்கள். பிரித்து மட்டும் விற்காதீர்கள். முழு வண்டியாக இருந்தால்தான் அது சரித்திரம். பிரித்துவிட்டால் வெறும் ஸ்பேர் பார்ட்ஸ்!

ஆளுக்குப் பதில் சொல்வது அப்புறம். முதலில் பீரோவைத் திறந்து அந்த ஆர்.சி. புத்தகங்களைத் தேடுங்கள்.