செய்திக்குள் புகுந்த செய்தியாளர்

செய்தி எழுதுபவர் செய்திக்கு வெளியே நிற்க வேண்டும் என்பது இதழியலின் பாலபாடம். கண்டதைப் படர்க்கையில் சொல்ல வேண்டும். சொந்தச் சினமும் அச்சமும் எழுத்தில் தலைகாட்டலாகாது. இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் இவ்விதியை வெளிப்படையாக மீறி, அம்மீறலையே ஓர் எழுத்து நெறியாக்கியவர் அமெரிக்கரான ஹண்டர் எஸ். தாம்ஸன். அவர் எழுத்தில் காட்டாற்றின் வேகம் உண்டு. மிகையும் வசையும் உண்டு. நகையும் நடுக்கமும் உண்டு. அத்தனைக்கும் அடியில் கடும் உழைப்பு இருந்தது என்பதை அவர் வரலாறு காட்டுகிறது.

1937-இல் கென்டக்கி மாநிலத்து லூயிவில் நகரில் பிறந்த தாம்ஸன், விமானப்படையில் பணியாற்றியபோது படைத்தள இதழின் விளையாட்டுப் பகுதிக்கு ஆசிரியராக இருந்தார். இளமையில் ஃபிட்ஸ்ஜெரால்டு, ஹெமிங்வே ஆகியோரின் நாவல்களைத் தட்டச்சுப்பொறியில் சொல் சொல்லாகப் படியெடுத்தார். நல்ல உரைநடையின் தாளம் விரல்வழியே தமக்குள் இறங்க வேண்டும் என்பது அவர் நோக்கம். யாப்பை உடைக்கத் துணியும் கவிஞன் முதலில் யாப்பைக் கற்பது போன்றதே இப்பயிற்சி.

1965-இல் 'தி நேஷன்' இதழுக்காக, ஹெல்ஸ் ஏஞ்சல்ஸ் என்னும் மோட்டார் சைக்கிள் கும்பலைப் பற்றி எழுதினார். பின்னர் அதை நூலாக விரிக்கும் பொருட்டு ஏறத்தாழ ஓராண்டு அவர்களோடு பழகினார். இறுதியில் அவர்களிடமே அடியும் பட்டார். 1967-இல் வெளிவந்த அந்நூல் அந்த அடியோடுதான் முடிகிறது.

1970-இல், பிறந்த ஊரில் நடைபெறும் கென்டக்கி டெர்பி குதிரைப் பந்தயத்தைப் பற்றி 'ஸ்கான்லன்ஸ்' இதழுக்கு எழுதச் சென்றார். உடன் வந்தவர் பிரிட்டிஷ் ஓவியர் ரால்ஃப் ஸ்டெட்மன். கெடு நெருங்கியும் கட்டுரை உருப்பெறவில்லை. குறிப்பேட்டுத் தாள்களைக் கிழித்து அனுப்பலானார். குதிரைகள் பின்னுக்குப் போயின. கூட்டத்தின் குடிவெறியும் பகட்டும் முன்னுக்கு வந்தன. சீரழிந்த முகம் ஒன்றைத் தேடியவர், கடைசியில் அதைக் கண்ணாடியில் தம் முகமாகவே கண்டார். தோல்வி என அவர் கருதிய அக்கட்டுரை புதுமை எனக் கொண்டாடப்பட்டது. செய்தியாளர் பில் கார்டோசோ அதைச் சுட்டப் பயன்படுத்திய 'கான்ஸோ' என்ற சொல்லே அந்நடைக்குப் பெயராக நிலைத்தது.

1970 ஆகஸ்ட் 29 அன்று லாஸ் ஏஞ்சலிஸில், வியட்நாம் போரை எதிர்த்து மெக்சிகோ வழி அமெரிக்கர் நடத்திய பேரணி கலைக்கப்பட்டது. பின்னர் அருகிலிருந்த மதுக்கடை ஒன்றில் அமர்ந்திருந்த செய்தியாளர் ரூபன் சலஸார், ஷெரிப் துறைக் காவலர் சுட்ட கண்ணீர்ப்புகைக் குண்டு தலையில் பட்டு இறந்தார். 'ரோலிங் ஸ்டோன்' இதழுக்காக இதைத் தாம்ஸன் ஆராய்ந்தார். திட்டமிட்ட கொலையோ என்ற ஐயத்தை எடைபோட்டு, சதி அன்று, காவலரின் காரணமற்ற வெறியே என்ற முடிவுக்கு வந்தார். இவ்வாய்வில் உதவிய வழக்கறிஞர் ஆஸ்கர் அகோஸ்டாவுடன் தனித்துப் பேசுவதற்காகவே லாஸ் வேகாஸ் பயணம் அமைந்தது. அங்கு நடந்த மோட்டார் பந்தயம் ஒன்றின் படங்களுக்குக் குறிப்பு எழுதும் சிறுபணியும் வாய்த்திருந்தது. அதிலிருந்து வளர்ந்ததே 1971-இல் இதழிலும் 1972-இல் நூலாகவும் வந்த 'ஃபியர் அண்ட் லோதிங் இன் லாஸ் வேகாஸ்'. மேலோட்டமாகப் படிப்பவர்க்குப் போதைப் பிதற்றலாகத் தோன்றும் அந்நூல், அறுபதுகளின் நம்பிக்கை மாண்டதற்குப் பாடிய கையறுநிலை. கட்டுக்கோப்பான விசாரணையும் கட்டற்ற புனைவும் ஒரே கையிலிருந்து, ஒரே காலத்தில் பிறந்தன.

இந்நெறியின் இடரையும் மறைத்தல் தகாது. 1972 அதிபர் தேர்தலின்போது, வேட்பாளர் எட்மண்ட் மஸ்கி அரியதொரு போதைமருந்தை உட்கொள்வதாக வதந்தி உலவுகிறது என்று எழுதினார். அவ்வதந்தியைக் கிளப்பியவர் அவரே. நகையை நகையென்று அறியாமல் மெய்யென்று கொண்டவரும் இருந்தனர். ஆயினும் அத்தேர்தலைப் பற்றி அவர் எழுதிய நூலை, ஜார்ஜ் மெக்கவர்னின் தேர்தல் பணிக்குத் தலைமை தாங்கியோருள் ஒருவரான ஃபிராங்க் மான்கிவிச், தகவலில் மிகக் குறைந்தது, துல்லியத்தில் மிக உயர்ந்தது என்ற பொருள்படப் பாராட்டினார். அப்பாராட்டுக்குள்ளேயே ஓர் எச்சரிக்கையும் அடங்கியுள்ளது.

2005 பிப்ரவரி 20 அன்று கொலராடோவில் தம் இல்லத்தில் தாம்ஸன் தம் வாழ்வைத் தாமே முடித்துக்கொண்டார். அவரைப் பின்பற்றியோர் பலர் அவருடைய வெறியை எடுத்துக்கொண்டு உழைப்பை விட்டுவிட்டனர். அவர் எழுத்தின் 'நான்' தன்னைப் புகழ்ந்துகொள்ள வந்ததன்று. பிறரைக் குற்றம் சாட்டுமுன் தன்னையே கூண்டில் ஏற்றிய சாட்சி அது. தன்மையில் எழுதும் கவிஞர் எவரும் அவரிடம் கற்கத்தக்கது இந்த நேர்மையே.